எண்ணூருக்கு வந்த கப்பல்: என் போர் நாவலைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாவல் இன்னும் அச்சுக்குப் போகவில்லை. ராயபுரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் 40 பிரதி எடுத்து, ஸ்பைரல் போட்டு, காசிமேட்டிலிருந்து அத்திப்பட்டு வரைக்கும் தெரிந்தவர்களிடம் சுற்றுக்கு விட்டிருக்கிறேன். படித்தவர்கள் டீக்கடையில் பார்த்தாலும் கேட்கிறார்கள், கல்யாண வீட்டுப் பந்தியில் பார்த்தாலும் கேட்கிறார்கள். பெரும்பாலும் அதே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் நின்று பதில் சொல்லி மாளவில்லை, அதனால் எழுதியே வைத்துவிட்டேன். இன்னும் படிக்காதவர்களும் தைரியமாகப் படிக்கலாம். முடிவைச் சொல்லவில்லை.

முதலில், கதை என்ன?

வருஷம் போடாத ஒரு வருஷம். இன்றிலிருந்து ரொம்பத் தள்ளி இல்லை. தைவான் நீரிணையில் சீனாவும் அமெரிக்காவும் மோதிக்கொள்கின்றன. இந்தியா எந்தப் பக்கமும் இல்லை என்று அறிவித்துவிட்டது. மூன்றாவது வாரம், அந்தமானுக்கு மேற்கே அடிபட்ட ஓர் அமெரிக்க சப்ளைக் கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு, எண்ணூருக்குப் பக்கத்தில் இருக்கும் காட்டுப்பள்ளிக் கப்பல் தளத்துக்கு வந்து சேர்கிறது. கடலில் போகிற அளவுக்கு மட்டும் ஒட்டுப் போட்டு, 24 மணி நேரத்தில் அனுப்பிவிட வேண்டும் என்பது டெல்லி உத்தரவு. அவசரமாக எடுத்த கான்ட்ராக்ட் ஆட்களில் ஒருவன் எர்ணாவூர் வெல்டர். அவன் கையில் கொடுத்த வேலைப் பட்டியலில் பதினோராவது வரி: கப்பலின் கம்பத்தில் ஒரு பிராக்கெட், அதாவது எதையோ தாங்குகிற இரும்புப் பிடி. அந்த பிராக்கெட்டின் மேல் என்ன உட்காரப் போகிறது என்று அவனுக்குப் புரிந்துவிடுகிறது. அங்கே பிடிக்கிறது கதை.

அமெரிக்கக் கடற்படைக் கப்பல் நம்ம ஊருக்கு ரிப்பேருக்கு வருவதெல்லாம் ஓவர் கற்பனை இல்லையா?

ஏற்கெனவே வந்தாயிற்று. 2022 ஆகஸ்ட் 7ஆம் தேதி 'சார்லஸ் ட்ரூ' என்ற அமெரிக்கக் கடற்படைக் கப்பல் காட்டுப்பள்ளி எல் அண்ட் டி கப்பல் கட்டும் தளத்துக்கு வந்தது. அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்று பழுதுபார்க்க இந்தியாவுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. மறுவருஷம், 2023 ஜூனில், அந்தத் தளத்தோடு ஐந்து வருஷ ஒப்பந்தமே போட்டார்கள். அதற்கு அப்புறமும் கப்பல்கள் வந்தன. சார்லஸ் ட்ரூ என்பவர் ரத்த வங்கி முறைக்கு வழிவகுத்த கறுப்பின மருத்துவர். வெடிபொருளும் சாப்பாடும் சுமக்கிற கப்பலுக்கு அவர் பெயர்.

இன்னொரு விஷயம். அதே 2022 ஆகஸ்ட் 16ஆம் தேதி, சீனாவின் 'யுவான் வாங் 5' என்ற கண்காணிப்புக் கப்பல் இலங்கையில் அம்பாந்தோட்டைக்கு வந்து நின்றது. அந்தத் துறைமுகம் 2017இலிருந்து 99 வருஷக் குத்தகையில் ஒரு சீன நிறுவனத்திடம் இருக்கிறது. பேப்பரில் எல்லோரும் அம்பாந்தோட்டையைப் பற்றித்தான் எழுதினார்கள். நான் காட்டுப்பள்ளிச் செய்தியையும் வெட்டி, இரண்டையும் ஒரே நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வைத்தேன். பத்து நாள் இடைவெளியில் இரண்டு வல்லரசுகளின் கப்பல்கள், ஒன்று நம் வீட்டு வாசலில், இன்னொன்று எதிர்வீட்டு வாசலில். நாவல் அந்த நோட்டுப் பக்கத்திலிருந்து வந்ததுதான்.

24 மணி நேரக் கெடு நீங்களாகப் போட்டதா?

இல்லை. 1907இல் ஹேக் நகரில் கையெழுத்தான 13ஆவது ஒப்பந்தத்தில் இருக்கிறது. கடற்போரில் நடுநிலை நாடுகள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது பற்றியது. நடுநிலை நாட்டின் துறைமுகத்தில், அந்த நாட்டுச் சட்டம் வேறு மாதிரி சொல்லாவிட்டால், போரிடும் நாட்டின் போர்க்கப்பல் 24 மணி நேரத்துக்கு மேல் நிற்கக் கூடாது. பழுதுபார்க்கலாம், ஆனால் கடலில் போவதற்கு எது அவசியமோ அது மட்டும். சண்டை போடும் சக்தி எந்த விதத்திலும் கூடக் கூடாது. எரிபொருள் கூட, தன் நாட்டின் பக்கத்துத் துறைமுகம் போய்ச் சேரும் அளவுக்குத்தான்.

அடிபட்ட கப்பலுக்குக் கூடுதல் நேரம் கொடுக்கவும் அதே ஒப்பந்தத்தில் இடம் உண்டு. என் கதையில் டெல்லி கொடுக்கவில்லை. ஏன் என்பது 9ஆம் அத்தியாயம்.

இது ஏட்டுச் சுரைக்காய் என்று ஒரு வக்கீல் நண்பர் சொன்னார். அவருக்கு 1939ஐ ஞாபகப்படுத்தினேன். 'கிராஃப் ஸ்பீ' என்ற ஜெர்மன் போர்க்கப்பல் டிசம்பர் 13ஆம் தேதி பிரிட்டிஷ் கப்பல்களிடம் அடிவாங்கி, அன்று நள்ளிரவு வாக்கில் நடுநிலை நாடான உருகுவேயின் மான்டேவீடியோ துறைமுகத்துக்குள் நுழைந்தது. இரண்டு வாரம் கேட்டார்கள். உருகுவே 72 மணி நேரம் கொடுத்தது. வெளியே ஆங்கிலேயர்கள் காத்திருக்கிறார்கள், உள்ளே கெடு முடிகிறது. 17ஆம் தேதி கேப்டன் கப்பலை வெளியே ஓட்டிப் போய்த் தானே வெடிவைத்து மூழ்கடித்தார். துறைமுக அதிகாரி காட்டும் ஒரு கடிகாரம் பீரங்கியைவிடப் பெரிய ஆயுதம் ஆகிவிட்டது.

இதில் ஒரு சிக்கலும் சேர்கிறது. காட்டுப்பள்ளிக்கு வருகிற மாதிரி சப்ளைக் கப்பல்கள் கடற்படைக்குச் சொந்தம், ஆனால் ஓட்டுகிறவர்கள் சீருடை போடாத சிவிலியன் மாலுமிகள். அப்போது அது போர்க்கப்பலா, இல்லையா? என் கதையில் இரண்டு அதிகாரிகள் இதைப் பற்றி நான்கு மணி நேரம் ஃபைல் எழுதுகிறார்கள். அந்த நான்கு மணி நேரமும் 24இல் சேர்த்திதான்.

வெல்டரை ஏன் கதாநாயகன் ஆக்கினீர்கள்? கேப்டன், உளவாளி யாரும் கிடைக்கவில்லையா?

இந்த மாதிரிக் கதைகளில் கேப்டன்களும் உளவாளிகளும் வேண்டிய மட்டும் இருக்கிறார்கள். பொத்தானை அமுக்குகிறவன் கதையைப் படித்துப் படித்து எனக்குச் சலித்துவிட்டது. அடிபட்ட கப்பலை மறுபடி கடலில் இறக்க முடிகிற பக்கம்தான் இழுத்துப்பிடித்து நிற்கிறது. அந்த வேலையைச் செய்கிறவன் தினக்கூலிக்கு கேட் பாஸ் வாங்கிக்கொண்டு உள்ளே போகிறவன்.

அப்புறம், வெல்டிங்கிலேயே ஒரு திரில்லர் இருக்கிறது. எனக்குத் தெரியாது. திருவொற்றியூரில் 30 வருஷம் வெல்டிங் பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர்தான் சொல்லிக்கொடுத்தார். உறுதி கூடின எஃகுத் தகட்டை ஒட்ட 7018 மாதிரி ஹைட்ரஜன் குறைந்த எலக்ட்ரோடு, அதாவது வெல்டிங் குச்சி, வேண்டும். அதை ஓவனில் காயவைத்து, சூடு ஆறாத டப்பாவில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்துப் பயன்படுத்த வேண்டும். எண்ணூர்க் காற்றில் வெளியே போட்டால் அப்பளம் நமத்துப்போகிற மாதிரி ஈரம் இழுத்துவிடும். ஈரம் ஏறிய எலக்ட்ரோடில் ஒட்டினால், இரும்பு உருகும்போது அந்த ஈரத்திலிருந்து ஹைட்ரஜன் உள்ளே போய்விடும். ஒட்டின இடம் பார்ப்பதற்கு அழகாக, மீன் செதில் அடுக்கின மாதிரி இருக்கும். விரிசல் உடனே வராது. மணிக்கணக்கில் கழித்து வரும். அதனால்தான் இந்த வகை எஃகில் ஒட்டி முடித்து 48 மணி நேரம் கழித்துச் சோதிப்பது வழக்கம்.

அவர் இதைச் சொல்லிவிட்டு வெற்றிலை போடப் போய்விட்டார். நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். சட்டம் கொடுப்பது 24 மணி நேரம். இரும்பு கேட்பது 48. ஒட்டு பிடித்ததா இல்லையா என்று யாருக்கும் தெரிவதற்கு முன்பே கப்பல் போய்விடும். ஒட்டினவனுக்கு மட்டும், அன்று விடியற்காலை எந்த டப்பாவிலிருந்து எலக்ட்ரோடு எடுத்தான் என்று தெரியும்.

இதற்கு மேல் கேட்காதீர்கள்.

மே மாதம் நடுக்கடலில் காசிமேடு போட் எப்படி வந்தது?

முதல் பத்து பிரதிகளை வாங்கினவர்கள் மன்னிக்கவும். தப்பு என்னுடையது. மே 20ஆம் தேதி இரவு ஒரு விசைப்படகு கடலில் மர்மப் பொருள் ஒன்றைப் பார்க்கிற மாதிரி எழுதியிருந்தேன். ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். போட் எல்லாம் துறைமுகத்தில் ஒன்றோடு ஒன்று உரசிக்கொண்டு நிற்கும். காசிமேட்டில் படகு வைத்திருக்கும் ஒருவர் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு, "தம்பி, உன் கதையில அந்த போட்டுக்கு ஃபைன் போட்டாங்களா இல்லியா?" என்று கேட்டார். சுற்றி நின்ற ஐந்தாறு பேர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

தேதியை மாற்றிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். வீட்டுக்கு வந்து யோசித்தால், தப்புதான் சரியான கதை. கடலில் எது நடந்தாலும் முதலில் பார்க்கிறவர்கள் மீனவர்கள். கடலோரப் பாதுகாப்பில் அவர்களைக் கண்ணும் காதும் என்று சும்மா சொல்வதில்லை. அந்தக் கண்கள் மொத்தமாகக் கரையில் இருக்கும் 61 நாள், காலண்டரில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி அச்சடித்து வைத்திருக்கிறது. ஏதாவது செய்ய நினைக்கிறவன் எந்த மாதத்தைத் தேர்ந்தெடுப்பான்? இப்போது இருக்கும் வடிவத்தில் பெரிய போட் ஒன்றுகூட வெளியே இல்லை. வலை பின்னிக்கொண்டும் இன்ஜின் பிரித்துப்போட்டுக்கொண்டும் இருக்கிறார்கள். கரையோரம் போன ஒரே ஒரு ஃபைபர் போட்தான் அதைப் பார்க்கிறது. அவர்கள் சொல்வதை யாரும் நம்பவில்லை.

ஜிபிஎஸ் பொய் சொல்லும் என்று எழுதியிருப்பது நடக்கிற காரியமா?

நடந்துகொண்டே இருக்கிறது. ஜிபிஎஸ் சாட்டிலைட் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து வரும் சிக்னல் நம்மிடம் வந்து சேரும்போது அவ்வளவு மெலிந்திருக்கும். பக்கத்திலிருந்து ஒருவன் உரக்கக் கத்தினால் அது கேட்காமல் போகும், அதே குரலில் மிமிக்ரி பண்ணினால் கருவி ஏமாந்து போகும். நம் சொந்த ஏற்பாடு 'நாவிக்'. அதற்காக 2025 ஜனவரி 29ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஒரு செயற்கைக்கோளை விட்டார்கள். அங்கிருந்து போன 100ஆவது ராக்கெட் அது. ராக்கெட் சரியாகப் போனது, செயற்கைக்கோளில் ஒரு வால்வு திறக்காமல் அது போய்ச் சேர வேண்டிய பாதைக்குப் போகவில்லை. ஒரு வால்வு! நான் கற்பனையாக எழுதியிருந்தால் நம்பியிருக்க மாட்டீர்கள்.

இதைவிட எளிது கப்பல் அடையாளத்தை மாற்றுவது. பெரிய கப்பல்கள் எல்லாம் ஏஐஎஸ் என்ற கருவி மூலம் தங்கள் பெயர், இருக்கும் இடம், வேகம் எல்லாவற்றையும் ரேடியோவில் சொல்லிக்கொண்டே போக வேண்டும். சொல்வது உண்மையா என்று சரிபார்க்க அதில் வழி இல்லை. 2021 ஜூனில் ஒடெஸா துறைமுகத்தில் கட்டி நின்ற பிரிட்டிஷ், டச்சு போர்க்கப்பல்கள் இரண்டும், ரஷ்யா வசம் இருந்த கிரீமியாவின் கரைக்குப் பக்கத்தில் போனதாக ஏஐஎஸ் காட்டியது.

கதையில் வரும் ஃபைபர் போட் பெரியவர், கருவி காட்டுகிற இடத்தை நம்பாமல் கயிற்றில் ஈயக்குண்டு கட்டி இறக்குகிறார். இரண்டு கையையும் விரித்து விரித்து எத்தனை பாகம் என்று எண்ணுகிறார். குண்டில் ஒட்டி வந்த சேற்றை விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டு, "மிசின் எண்ணூர்னு சொல்லுது, மண்ணு பழவேற்காடுன்னு சொல்லுது" என்கிறார். அந்த வரிக்கு எனக்குப் பாராட்டு வேண்டாம். கேட்டதை எழுதினேன், ஊர்ப் பெயரை மட்டும் மாற்றினேன்.

எம்டன் எதற்கு நடுவில் வருகிறது?

போர்க்கப்பல் கதையை இந்தக் கரையில் எழுதிக்கொண்டு எம்டனை விட முடியுமா? 1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மனியின் எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று சுமார் 130 குண்டு போட்டது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. உயர் நீதிமன்ற வளாகத்தில் கல்வெட்டு இருக்கிறது, போனால் பாருங்கள். கப்பல் அந்த வருஷம் நவம்பர் 9ஆம் தேதியே கோகோஸ் தீவுப் பக்கம் ஆஸ்திரேலியக் கப்பலிடம் அடிபட்டு முடிந்துபோனது. பெயர் மட்டும் நம் வாயில் தங்கிவிட்டது. "அவன் சரியான எம்டன்" என்று இன்றைக்கும் சொல்கிறோம். சொல்கிறவர்களில் பாதிப் பேருக்கு அது கப்பல் என்றே தெரியாது.

நான் அதை எடுத்ததற்குக் காரணம் அந்தக் குண்டுகள் இல்லை, புகைபோக்கி. எம்டனுக்கு மூன்று புகைபோக்கி. நான்கு இருந்தால் பிரிட்டிஷ் கப்பல் மாதிரி தெரியும் என்று பொய்யாக நான்காவது ஒன்றைக் கட்டி நிறுத்திக்கொண்டு பினாங்கு துறைமுகத்துக்குள்ளேயே போய் ரஷ்யக் கப்பலை அடித்தது. இன்றைய ஏஐஎஸ் மோசடிக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? அன்றைக்குச் செட்டு போட வேண்டியிருந்தது, இன்றைக்கு டைப் அடித்தால் போதும்.

போர் வந்தால் வட சென்னையில் முதலில் யாருக்குத் தெரியும்?

இன்ஷூரன்ஸ் பார்க்கிற குமாஸ்தாவுக்கு. சிரிக்காதீர்கள், நான் 22 வருஷம் லிங்கிச் செட்டித் தெருவில் ஒரு கஸ்டம்ஸ் கிளியரிங் ஆபீசில் உட்கார்ந்தவன். 2023 நவம்பரில் செங்கடலில் ஏமன் நாட்டுக் கிளர்ச்சிப் படையான ஹூதிகள் கப்பலைப் பிடிக்க ஆரம்பித்ததும், டிவிக்காரர்களுக்கு முன்பே எங்கள் டேபிளுக்கு வந்துவிட்டது. கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தன. ஐரோப்பாவுக்குப் போகிற தோல் சரக்கு பத்து நாளுக்கு மேல் தாமதம், கட்டணம் ஏறுகிறது, காலி கன்டெய்னர் கிடைக்கவில்லை. ஒரு பார்ட்டி தினமும் போன் பண்ணி, ஹூதியே நான்தான் என்கிற மாதிரித் திட்டினார்.

அந்தச் சமயத்தில்தான் போர் அபாய இன்ஷூரன்ஸ் ஷரத்துகளை உட்கார்ந்து வரி வரியாகப் படித்தேன். கப்பல்களுக்கான வழக்கமான போர் அபாயப் பாலிசியில் ஒரு வரி உண்டு. பிரிட்டன், அமெரிக்கா, பிரான்ஸ், ரஷ்யா, சீனா ஆகிய ஐந்தில் எந்த இரண்டுக்குள் போர் மூண்டாலும், அறிவித்த போரோ அறிவிக்காத போரோ, பாலிசி தானாகவே ரத்து. நோட்டீஸ் கிடையாது. சரக்குக்காவது ஏழு நாள் நோட்டீஸ் தருவது வழக்கம். கப்பலுக்கு அதுவும் இல்லை.

வல்லரசுப் போரைப் பற்றி ராணுவக்காரர்கள் எழுதியதை எல்லாம் படித்தேன். இந்த ஒரு வரி கொடுத்த பயத்தை வேறு எதுவும் கொடுக்கவில்லை. இன்ஷூரன்ஸ் இல்லாத கப்பலை எந்த முதலாளியும் நகர்த்த மாட்டான். அதனால் என் முதல் அத்தியாயத்தில் ஏவுகணை இல்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்கு ஆபீசில் ஒரு மெயில் வருகிறது. நான்காம் நாள், எண்ணூர் விரைவுச் சாலையில் ஒரு ட்ரெய்லர் லாரிகூட இல்லை. துறைமுகத்தின் ஜீரோ கேட்டுக்கு மைல் கணக்கில் வரிசை நிற்கிற சாலை அது. ஆம்புலன்ஸ் போக வழி இல்லை என்று எத்தனை தடவை மறியல் செய்திருக்கிறோம். அந்தச் சாலையின் நடுவில் பையன்கள் ஸ்டம்ப் நட்டு கிரிக்கெட் ஆடுகிறார்கள். ஒரு கிழவி வெளியே வந்து பார்த்துவிட்டு, "இன்னாபா இன்னிக்கு பந்த்தா?" என்று கேட்கிறாள்.

கேபிளை அறுத்தால் நெட் போய்விடுமா?

மொத்தமாகப் போகாது, நொண்டும். சென்னையிலிருந்து கடலடியில் பல கேபிள்கள் போகின்றன. சிங்கப்பூருக்குப் போவது உண்டு. அந்தமானுக்குப் போவது சுமார் 2,300 கிலோமீட்டர், 2020 ஆகஸ்ட் 10ஆம் தேதி திறந்து வைத்தது. ஆழ்கடலில் அது செடிக்குத் தண்ணீர் விடும் குழாய் கனம்தான். உலகத்தில் கேபிள் அறுவதற்குப் பெரும்பாலும் காரணம் நங்கூரமும் மீன்வலையும். அதுதான் திரில்லர் எழுதுகிறவனுக்கு வசதி. வேண்டுமென்றே அறுத்தவனும் "நங்கூரம் இழுத்துவிட்டது, சாரி" என்று சொல்லிவிட்டுப் போகலாம்.

மின்சாரம் போகிற அத்தியாயத்தில் ஹேக்கர் ஏன் இல்லை?

இருந்தான். எடுத்துவிட்டேன். 2019இல் கூடங்குளத்தில் அலுவலகக் கணினி ஒன்றில் வைரஸ் புகுந்ததை அணுமின் கழகமே ஒப்புக்கொண்டது, உலையை இயக்கும் பகுதிக்குத் தொடர்பில்லை என்றும் சொன்னது. அதை வைத்து ஒரு காட்சி எழுதினேன். கீபோர்டில் ஒருவன் டைப் அடிக்கிறான், திரை சிவப்பாகிறது. ஆயிரம் தடவை பார்த்த காட்சி, எழுதும்போதே தூக்கம் வந்தது.

அப்போது 2017 ஜனவரி 28 ஞாபகம் வந்தது. எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டியது. எர்ணாவூர் பாரதியார் நகர்க் கரையில் நானும் போய் நின்றேன். தார் மாதிரி, ஆனால் தாரைவிடக் கனம். பாறை இடுக்கில் அலை வந்தால்கூடச் சத்தம் இல்லை, தண்ணீர் அசையவில்லை, ஒரு கரும் போர்வை மெதுவாக ஏறி இறங்கிற்று. அதை வாளியால் மொண்டு, வரிசையாகக் கைமாற்றி மேலே அனுப்பினோம். சாட்டிலைட் விடுகிற நாட்டில் பிளாஸ்டிக் வாளி. கையில் ஒட்டினது மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் மூன்று நாள் போகவில்லை.

இப்போது யோசியுங்கள். அந்தக் கரையை ஒட்டித்தான் வட சென்னை அனல் மின் நிலையமும், 1,500 மெகாவாட் வல்லூரும் நிற்கின்றன. கடலோர அனல் மின் நிலையம் குளிர்விக்கத் தண்ணீர் இழுத்தாக வேண்டும். தண்ணீர் எடுக்கிற வாயில் அந்தக் கரும் போர்வை வந்தால்? என் கதையில் ஹேக்கர் செய்ய வேண்டியதை எண்ணெய் செய்கிறது. 2012 ஜூலையில் வடக்கே பாதி நாடு இருளில் மூழ்கியபோது நமக்கு ஒன்றும் ஆகவில்லை, ஏனென்றால் தென்னக மின்தொகுப்பு தனியாக இருந்தது. 2013 டிசம்பர் 31இலிருந்து எல்லாம் ஒன்றாக இணைந்துவிட்டது. கஷ்டத்தில் கை கொடுப்பார்கள், அவர்கள் விழுந்தால் நம்மையும் இழுப்பார்கள். கூட்டுக் குடும்பம் மாதிரி.

வில்லன் சீனாவா, அமெரிக்காவா?

இருவருமே மரியாதையாகப் பேசுகிறார்கள். அதுதான் எனக்குப் பயம்.

அணுகுண்டு வருமா?

வராது. அதைப் போட்டால் கதை 40 பக்கத்தில் முடிந்துவிடும்.

மணலியில் கன்டெய்னர் வெடிக்கிற காட்சியை ஏன் நீக்கினீர்கள்?

2020 ஆகஸ்ட் 4 பெய்ரூட் வெடிப்புக்கு அப்புறம், மணலியில் ஒரு கிடங்கில் 37 கன்டெய்னரில் அம்மோனியம் நைட்ரேட் வருஷக்கணக்கில் கிடந்தது வெளியே தெரிந்தது. சுமார் 700 டன். சில நாளில் ஹைதராபாத்துக்கு அனுப்பினார்கள். பக்கத்தில் குடியிருந்தவர்கள் அந்த ஒரு வாரம் எப்படித் தூங்கினார்கள் என்று எனக்குத் தெரியும், அதில் என் தங்கை வீடும் ஒன்று. அதைப் பொழுதுபோக்குக்கு வெடிக்கவைக்க மனசு வரவில்லை.

உங்கள் ஆட்கள் 'சுத்த மெட்ராஸ் பாஷை' பேசவில்லையே?

சினிமாவில் வட சென்னைக்காரன் எழுந்ததிலிருந்து தூங்கும் வரை ஒரே மாதிரி பேசுவான். நம் வீட்டில் அப்படியா? என் வெல்டர் அம்மாவிடம் "சாப்ட்டுக்கினேன்மா" என்பான். கூட்டாளியிடம் "டேய், இன்னாடா மேட்டரு?" என்பான். சேஃப்டி ஆபீசரிடம் "சார், இது ஹாட் ஒர்க் பெர்மிட்ல இல்ல சார்" என்று, இஸ்திரி போட்ட சட்டை மாதிரி ஒரு பேச்சு. பக்கத்தில் கிரைண்டிங் பார்க்கிற ஒடிசாப் பையனிடம் "பையா, தோடா ருக்கோ" என்று இந்தி. நான்கும் ஒரே ஆள். கதையில் அவன் ஒரு முறை மட்டும் ஆபீசரிடம் கூட்டாளிப் பேச்சில் பேசிவிடுகிறான். 22ஆம் அத்தியாயம். அது எதனால் என்று புரிந்துகொண்டவர்கள் எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள், அல்லது நான் வாங்கித் தருகிறேன்.

ரவுடி ஏன் இல்லை என்றும் கேட்கிறார்கள். இருக்கிறார், ஒருவர். கட்சி மாறி கவுன்சிலர் ஆகிவிட்டார்.

பாட்டி சொல்கிற 1942 கதை நிஜமா?

நிஜம்தான், என் பாட்டி சொன்னதே. அந்த ஏப்ரலில் 5ஆம் தேதி கொழும்பு, 6ஆம் தேதி விசாகப்பட்டினம், காக்கிநாடா, 9ஆம் தேதி திருகோணமலை என்று ஜப்பான்காரன் குண்டு போட்டான். அடுத்தது சென்னைதான் என்று ஊரே காலியானது. மிருகக்காட்சி சாலையில் சிங்கம், புலியை எல்லாம் குண்டு விழுந்தால் தப்பித்துவிடும் என்று சுட்டுவிட்டார்கள். பாட்டி குடும்பம் ராயபுரம் வீட்டைப் பூட்டிக்கொண்டு காஞ்சிபுரம் போனது. திரும்பி வந்து பார்த்தால் பூட்டு அப்படியே இருந்ததாம், கதவை மட்டும் யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்களாம். வராத போரில் போனது அந்தக் கதவு ஒன்றுதான்.

2025 மே 7ஆம் தேதி சென்னைத் துறைமுகத்தில் போர்க்காலப் பாதுகாப்பு ஒத்திகை நடந்த அன்று, பாட்டி இருந்திருந்தால் முதலில் கதவைத்தான் பார்த்திருப்பாள்.

இதையெல்லாம் எழுதினால் ரகசியத்தை வெளியிட்டதாக மாட்டிக்கொள்ள மாட்டீர்களா?

எல்லாமே பேப்பரில் வந்தவை, இல்லையென்றால் கப்பல் தொழிலில் இருக்கிற யாருக்கும் தெரிந்தவை. தளத்துக்குள் எந்த கேட், எந்த ஜெட்டி, காவல் எப்போது மாறுகிறது என்பதெல்லாம் வேண்டுமென்றே தப்பாக எழுதியிருக்கிறேன். உள்ளே வேலை பார்க்கிறவர்கள் படித்துவிட்டு, "மூணாவது கேட் பக்கம் கேன்டீனே கிடையாதே" என்று திருத்த வருகிறார்கள். தெரியும். விட்டுவிடுங்கள்.

நாவலுக்குப் பெயர் என்ன?

வைக்கவில்லை. என் மனைவி 'அந்த எம்டன் கதை' என்கிறாள். ஜெராக்ஸ் கடைக்காரர் பில்லில் 'கப்பல் 380 பக்கம்' என்று எழுதுகிறார். இரண்டுமே பரவாயில்லை என்றுதான் தோன்றுகிறது.

திருத்தம் இருந்தால் எப்படிச் சொல்வது?

பிரதியிலேயே பென்சிலால் ஓரத்தில் எழுதி, படித்து முடித்ததும் ஜெராக்ஸ் கடையில் கொடுத்துவிடுங்கள். பேனா வேண்டாம். 40 பிரதியில் 31 திரும்பி வந்துவிட்டன. 17ஆம் எண் போட்ட பிரதி மட்டும் எங்கே இருக்கிறது என்று யாருக்காவது தெரிந்தால் தயவுசெய்து சொல்லியனுப்புங்கள். கடைசியாகப் புதுவண்ணாரப்பேட்டையில் ஒரு சலூனில் பார்த்ததாகச் சொல்கிறார்கள். வெல்டிங் பெரியவர் எலக்ட்ரோடு அத்தியாயம் முழுக்கத் தன் கையால் திருத்திக் கொடுத்தது அதில்தான் இருக்கிறது.